ராசாத்திக்கு வைத்த புள்ளி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் பேத்தி ஒரு படம் போட்டாள். கல்லூரி விடுமுறைக்குப் போடிக்கு வந்திருப்பவள், கிழவனுக்குப் பொழுது போகட்டும் என்று நினைத்திருப்பாள். பேய்ப்படம்தான், ஆனால் பேய் வராது, மெதுவாகத்தான் போகும் என்று முன்கூட்டியே எச்சரித்தாள். பொறுமைக்கு நான் பேர் போனவன் அல்ல. நாற்பது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பனிமூடிய மலையில் ஒரு வீடு, இரண்டு ஆட்கள், ஐந்து ஜன்னல், ஒரு கதவு. யாரும் சாகவில்லை. பிறகு அந்த இருவரில் ஒருவன் கதவைத் திறந்து வெளியே வந்து, ஒரு உயிரும் இல்லாத வெள்ளையைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான்.

நிறுத்தச் சொன்னேன்.

"பயந்துட்டீங்களா தாத்தா?"

"கண்ணு வலிக்குது ஆத்தா," என்றேன்.

கண் வலிக்கவில்லை. மூக்கில் ஏலக்காய் வாசனை ஏறிவிட்டது. நீங்கள் பாயசத்தில் முகர்கிற வாசனை இல்லை இது. பச்சைக்காய் சூட்டில் வாடும்போது கிளம்பி, கண்ணைக் கரித்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை. கூடவே ஈர விறகின் புகை.

பட்டம் வாங்கிய கையோடு போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்தேன். வயது இருபத்திரண்டு. மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் பயணத்தில் நான்கு வளைவுகளில் வாந்தி எடுத்தேன். எந்தெந்த நான்கு என்று இன்றைக்கும் சொல்வேன்.

வேலை சுலபம். சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் காய் எடுக்கும் பெண்கள் காலையில் ஜீப்பில் வந்து இறங்குவார்கள். களத்தில் நின்று புத்தகத்தைப் பார்த்துப் பேர் வாசிக்க வேண்டும். "வந்துட்டேன்" என்று குரல் வந்தால் பெயருக்கு நேரே ஒரு புள்ளி. சாயங்காலம் அதே பெயர்களை மறுபடி வாசித்து, குரல் வந்ததும் புள்ளி மேல் ஒரு கோடு. இதற்குப் பெரட்டு என்று பெயர். காலையில் புள்ளி விழுந்தவள் சாயங்காலம் குரல் கொடுக்கவில்லை என்றால் ஜீப்பு நகராது. காட்டுக்குள் போய்த் தேடியாக வேண்டும். மஞ்சு இறங்கிவிட்டால் பக்கத்துச் செடி தெரியாத இடம், யானை நடமாட்டம் வேறு. யாரும் எழுதி வைக்காத சட்டம் அது. முதலாளியே வந்தாலும் மாற்ற முடியாது.

பறித்த காயை வாட்டும் ஸ்டோரை வேலுச்சாமி அண்ணன் பார்த்துக்கொண்டார். சிலமலைக்காரர், ஐம்பது வயது, ஜாகை ஸ்டோரிலேயே. நான் எதையாவது எண்ணிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, "கணக்கப்பிள்ளத் தம்பி, சோத்துப் பருக்கையையும் எண்ணித்தான் திங்கிறீகளா?" என்பார்.

அவர் மனைவி ராசாத்தி அந்தத் தோட்டத்திலேயே காய் எடுத்தவள். நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தைய தை மாதம் ஊரில் காய்ச்சலில் இறந்துபோனாள். படுத்திருக்கிறாள் என்று தகவல் வந்தபோது அடுப்பில் காய் பாதி வாட்டத்தில் இருந்திருக்கிறது. நெருப்பை விட்டால் அத்தனையும் பச்சை போய் வெளுத்துவிடும், விலை போகாது. காயை முடித்துவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறார். அதற்குள் எடுத்துவிட்டார்கள். இதை ஒரே ஒரு தடவை, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னார்.

இனி என் கெட்டிக்காரத்தனத்தைக் கேளுங்கள். சேர்ந்த அன்றே பழைய புத்தகத்தைப் பார்த்துப் புதுப் புத்தகத்தில் இருபத்து மூன்று பெயர்களையும் முத்து முத்தாக எழுதினேன். மறுநாள்தான் பதினோராவது பெயர்க்காரி உயிரோடு இல்லை என்றார்கள். அடித்தால் பக்கத்தின் அழகு கெட்டுவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன். வாசிக்கும்போது மட்டும் அதைத் தாண்டிவிடுவேன்.

ஆவணியில் விடாத மழை. பாதை இரண்டு இடத்தில் சரிந்தது. ஜீப்பு நின்றுபோயிற்று. ஸ்டோரில் மூன்று சுற்று வாட்டுவதற்கான காய் கிடந்ததால் நானும் அண்ணனும் மட்டும் மேலே தங்கிவிட்டோம். முதல் நாள் சிரிப்பும் பேச்சுமாகப் போனது. இரண்டாம் நாள் பேச்சு தீர்ந்தது. எந்தப் பக்கம் பார்த்தாலும் வெள்ளை. தகரத்தில் மழை விழும் சத்தத்துக்குள் ஆட்கள் பேசுவது போல இருக்கும். நான் கூரைத் தகரங்களை எண்ணினேன், அறுபத்து நான்கு. அண்ணன் சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றார். என்னவென்று கேட்டால், "பொம்பளையாளுக சத்தம் கேக்கல ஒங்களுக்கு?" என்றார்.

மூன்றாம் நாள் காலையில் என்னால் தாங்க முடியவில்லை. மனிதக் குரல் ஏதாவது காதில் விழுந்தால் போதும் என்றிருந்தது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெறுங்களத்தில் நின்று, மஞ்சைப் பார்த்து இருபத்திரண்டு பெயர்களையும் வாசித்தேன். கொஞ்சம் தெம்பு வந்தது. நான்காம் நாளும் வாசித்தேன். ஐந்தாம் நாள் கண் மட்டும்தான் புத்தகத்தில் இருந்தது, மனது இல்லை. பதினோராவதைத் தாண்ட மறந்துவிட்டேன்.

"ராசாத்தி."

பின்னால் ஸ்டோர் வாசலில் அண்ணன் விறகோடு நின்றிருந்தார். "வந்துட்டேங்கிறா. புள்ளி வைங்க தம்பி," என்றார்.

கேலி செய்கிறார் என்று சிரித்தபடி திரும்பினேன். அவர் முகத்தில் கேலி இல்லை.

"மழையில கொரலு அமுங்குது. எனக்குக் கேட்டுச்சு. வைங்க."

ஒரு புள்ளிதானே என்று வைத்தேன்.

அன்றைக்கு அவரிடம் இருந்த தெளிவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முகம் கழுவித் தலை சீவினார். அடுப்படியில் மூன்று தட்டு எடுத்து வைத்தார். நான் எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்துவிட்டேன். மனிதர் அமைதியாக இருக்கிறாரே, அதுவே போதும் என்று நினைத்தேன்.

ஐந்து மணிக்குக் களத்தில் வந்து நின்று பெரட்டு வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பதினோராவது பெயருக்கு இருவரும் காத்திருந்தோம். மழைதான் பெய்தது. இன்னொரு தடவை கூப்பிடச் சொன்னார். கூப்பிட்டேன். என் கையில் பேனா இருந்தது. கோடு கிழித்து, வந்துவிட்டாள் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் உள்ளே போயிருப்பார். எனக்கோ எரிச்சல். குரல் வராத பெயருக்கு நான் கோடு கிழித்ததே இல்லை என்ற வீம்பு வேறு.

"வராத ஆளுக்கு எப்படிண்ணே கோடு போடுறது?" என்றேன். அவருக்குப் புத்தி தெளியட்டும் என்றுதான் சொன்னேன்.

"அப்ப காட்டுக்குள்ளதான் நிக்கிறா," என்றார். கோணிச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டார். "நெருப்ப விட்றாதீக தம்பி. காய் வெளுத்துரும். வெரசா கூட்டிட்டு வர்றேன்."

ஒன்பது எட்டு எடுத்து வைத்தார். ஒன்பதாவது எட்டில் மஞ்சுக்குள் அவரைக் காணவில்லை.

நான் பின்னால் போகவில்லை. களத்தில் தொங்கிய இரும்புத் துண்டை அடித்தேன். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார் என்று முந்நூறு வரை எண்ணி அடித்தேன். அதற்குப் பிறகு எண் மறந்துபோயிற்று. என் வாழ்நாளில் எண் மறந்தது அப்போது மட்டும்தான். நடுவில் ஓடி ஓடி விறகு போட்டேன். நெருப்பை விட்டுப் போகக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பயம். இதைச் சொல்ல எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

எட்டாம் நாள் ஜீப்பு வந்தது. ஆறு நாள் தேடினார்கள். ஓடைப்பக்கம் சாக்கு கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. முதலாளி வந்து காயைக் கையில் அள்ளிப் பார்த்தார். இந்த மழையிலும் ஒன்றுகூட வெளுக்கவில்லையே என்றார். பிறகு புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். ஆளே வராத ஒரு நாளில், இறந்துபோனவளுக்கு நேரே ஒரு புள்ளி. வேலுச்சாமி அண்ணன் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. ஸ்டோர்க்காரருக்குப் பெரட்டு கிடையாது.

இப்போது அந்த ஸ்டோர் இருந்த இடத்தில் செடி நிற்கிறது. காயை மெஷின் வாட்டுகிறது. ஜீப்பு வழியிலேயே தலையை எண்ணி ஏற்றிக்கொண்டு போகிறது. யாருக்கும் யார் பெயரும் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் பேர் வாசிக்கிற வழக்கம் அந்த மலையில் எங்கேயும் இல்லை என்கிறார்கள். நான் மட்டும் ஆறு மணியானால் வாசலில் நின்று, வீட்டுக்கு யார் யார் திரும்பிவிட்டார்கள் என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன். ஐந்து பேர். உள்ளேயிருந்து குரல் வரும்வரை விடமாட்டேன். மருமகளுக்கு எரிச்சல்.

ஐந்தும் சரியாக வந்த பிறகு ஆறாவதாக, அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு பெயர் வாய்வரை வரும். அதை மட்டும் கூப்பிடுவதில்லை. குரல் வராவிட்டால் தேடிப் போகவேண்டுமே.