எலிவால் புழுவும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் ஓய்வு பெறும்வரை மலைக்கும் அடிவாரத்துக்கும் பஸ் ஓட்டியவர். வளைவுக்கு அந்தப் பக்கம் வருவது லாரியா வேனா என்று ஹாரன் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில், எதைப் பார்த்தாலும் அரை நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

ஸ்டியரிங்கை விட்டு வீட்டில் உட்கார்ந்ததும் அவருக்குக் கை பரபரத்தது. மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களின் அடியில், ஒரு குளம் வெட்டினார். பழைய தார்ப்பாயை விரித்துத் தண்ணீர் நிரப்பி, ஓர் அல்லிக் கிழங்கையும் நட்டார். ஒரு எருமை படுத்தால் நிரம்பிவிடும் அளவுதான். ஆனால் குழி என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு என்னோடு பேச மாட்டார். தவளை கத்த வேண்டும், அதைக் கேட்டுக்கொண்டே காபி குடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

மழை விட்டிருந்த ஒரு காலையில், "ஏம்புள்ள, ஓடியா, ஓடியா!" என்று அவர் கத்திய கத்தலில், தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டை மிஷினிலேயே விட்டுவிட்டு ஓடினேன். அரசு மருத்துவமனை இருக்கும் திசையைக்கூட மனசுக்குள் நினைத்துவிட்டேன். அவர் குளத்தங்கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"தலைப்பிரட்டை வந்துருச்சு பாரு!"

பார்த்தேன். மக்கிய இலைகளுக்கு நடுவே அழுக்கு வெள்ளை நிறத்தில் நாலைந்து கொழுத்த புழுக்கள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நூல் மாதிரி நீள வால். நான் தையல்காரி. எதைப் பார்த்தாலும் கழுத்து எது, கை எது என்று தேடுவது என் தொழில் புத்தி.

"ஏனுங்க, இதுக்குத் தலை எங்கீங்க?"

"வளரும்."

"தலைப்பிரட்டைன்னா மொதல்ல தலைதானுங்களே இருக்கோணும்?"

"உனக்கு ஜாக்கெட்டத் தவிர என்ன தெரியும்?" என்றார். அதோடு தீர்ப்பு முடிந்தது.

அன்றிலிருந்து வேளை தவறாமல் வேகவைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கைப் பிசைந்து குளத்தில் போட்டார். புழுக்கள் பெருத்தன, பெருகின. தண்ணீரும் காபி நிறத்துக்குப் போய் நாற ஆரம்பித்தது. பக்கத்து வீட்டில் இருக்கும் அவர் தங்கை ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணா, இது பாம்புக்குட்டிங்க. நான் சொல்றேன், இது பாம்புக்குட்டியேதான்."

"தவளைக்கும் பாம்புக்கும் வித்தியாசம் தெரியாதவ எல்லாம் பேச வந்துட்டா."

"தெரியுங்கண்ணா. அதனாலதான் சொல்றேன்."

அண்ணனும் தங்கையும் இரண்டு நாள் முகம் திருப்பிக்கொண்டு நடந்தார்கள். நடுவில் அகப்பட்ட நான், சேலத்தில் கல்லூரி ஒன்றில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் என் தங்கை மகளிடம் கேட்டுவிடலாம் என்றேன். எங்கள் தோட்டத்தில் செல்போன் சிக்னல் கிடையாது. பஸ் நிறுத்தத்தில்தான் வீடியோ காலில் படம் நிற்காமல் வரும். ஊறுகாய்ப் பாட்டிலில் புழுக்களைப் பிடித்துப் போட்டுக்கொண்டு, நான் ஊசியில் நூல் கோக்க வைத்திருக்கும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு போனோம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் மெல்லத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

"பெரியப்பா, கண்ணு தெரியுதுங்களா?" என்று போனில் கேட்டாள் தங்கை மகள்.

அவர் கண்ணாடியைப் பாட்டிலோடு ஒட்டவைத்துப் பார்த்தார். "இல்ல சாமி."

"தலைன்னு தனியா ஏதாச்சும்?"

"அது... இனிமேத்தான் வருமாட்ட இருக்குது."

"காலு இருக்குதுங்களா?"

"குட்டை குட்டையா, காலாட்டம் முட்டு முட்டா இருக்குது கண்ணு."

"அது நெசக் காலு இல்லீங்க. இதுக்குக் கணுவெச்ச காலே இருக்காதுங்க. சரி, வாலு தட்டையா, நூலாட்டமா?"

"நூலாட்டம்."

"அந்த நுனி எங்க இருக்குது?"

"மேல வந்து தண்ணிய முட்டிக்கிட்டு நிக்குது."

"இன்னங்கொஞ்சம் தண்ணி ஊத்துங்க பெரியப்பா."

பாட்டிலில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றினேன். மட்டம் உயர உயர, புழு அடியில் கிடந்தபடியே வாலை மட்டும் நீட்டிக்கொண்டே போனது. மடக்குக் குடையின் கம்பி ஒன்றுக்குள் ஒன்றாக இருந்து வெளியே வருமே, அப்படி. உடம்பைப் போல மூன்று பங்கு நீளம் போய்விட்டது. கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பஸ்ஸுக்கு நின்றவர்கள்கூட நெருங்கி வந்துவிட்டார்கள்.

"அது வாலே இல்லீங்க," என்றாள் அவள். "மூச்சுக்குழாய். அடியில கெடந்து தின்னுக்கிட்டே மேல காத்து வாங்குது. எலிவால் புழுன்னு சொல்லுவாங்க."

"அப்ப தவளை இல்லீங்களா சாமி?" கூட்டம் இருந்ததால் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஈங்க பெரியப்பா."

"ஈயா!"

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"அழுகுன தண்ணியிலதான் இது செழிப்பா வளரும். குளத்துல என்னங்க போட்டீங்க?"

மலை பஸ்ஸை இத்தனை காலம் ஓட்டிய மனிதர் ரோட்டை அப்போதுதான் முதன்முதலாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். குச்சிக்கிழங்கு என்று நான்தான் சொன்னேன்.

வீட்டுக்கு வரும் வழியில், "போன்ல பாத்துட்டு எல்லாஞ் சொல்லிர முடியுமா? வரட்டும், வர்றதப் பாத்துக்கலாம்" என்றார். தங்கை மகள் சொன்ன யோசனையும் அதேதான். ஒரு பேசினில் பாதி ஈர மண், பாதி குளத்துத் தண்ணீர், மேலே வலைத்துணி. பாவாடைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த வலையைக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவருக்குக் குளம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. என் டீ வடிகட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அலசுவார். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, தொட்டால் துள்ளித் துள்ளி நெளிவது கொசுப்புழு. அதைத் தனியாக எடுத்து வெயிலில் கொட்டிவிடுவார். சேற்றில் சிவப்பு நூலாகச் சுருண்டு கிடப்பது கடிக்காத கொசு ஜாதியின் புழு. அதைத் திரும்ப விட்டுவிடுவார். சந்தேகம் வந்தால் பஸ் நிறுத்தம். வடிகட்டியை நான் அவருக்கே சீதனமாகக் கொடுத்துவிட்டுப் புதுசு வாங்கிக்கொண்டேன்.

பேசினில் இருந்த புழுக்கள் தண்ணீரை விட்டு ஏறி மண்ணுக்குள் போயின. தோல் காய்ந்து பழுப்பாகி, சுருண்ட வாலோடு செத்த சுண்டெலிக் குஞ்சுகள் மாதிரி அசையாமல் கிடந்தன. அவர் தினமும் வலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "செத்துப்போச்சாட்ட இருக்குது புள்ள" என்பார். அவர் குரலில் இருந்த வருத்தம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அந்த நாட்களில் கிண்டல் செய்யவில்லை.

ஒரு வாரத்துக்கு மேல் போயிருக்கும். நாத்தனார் கறிவேப்பிலை கேட்டு வந்தவள், பேசினைப் பார்த்து அலறினாள். "அண்ணா, தேனீங்கோ!"

வலைக்குள் நாலு. பழுப்பு உடம்பு, வயிற்றில் மஞ்சள் பட்டை, காதைக் குடையும் ரீங்காரம். ஒருமுறை ரோட்டோரம் மலைத்தேனீயிடம் வாங்கிய கொட்டு அவருக்கு மறக்கவில்லை. தங்கை வாசல் வழியாக ஓடுவதற்குள் அண்ணன் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். தேனீக்கு நாலு இறக்கை. இவற்றுக்கு இரண்டே இரண்டு. முகம் முழுக்கக் கண். மீசையும் குட்டை. தேனீ வேஷம் போட்டிருந்தாலும் உள்ளே ஈதான், கொடுக்கு கிடையாது என்று தங்கை மகள் முன்பே சொல்லியிருந்தாள். ஆனாலும் கையை வலைக்குள் விடும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விட்டேன். ஒன்று என் கட்டைவிரலில் ஏறி உட்கார்ந்து, முன்னங்கால்களால் முகத்தைத் துடைத்துக்கொண்டது.

"கடிக்குதா?" என்று சமையல்கட்டு ஜன்னலிலிருந்து கேட்டது குரல்.

"வந்து பாருங்க."

வந்தார். அவர் விரலை என் விரலோடு ஒட்டிவைத்தார். அது தயங்கி, அவர் விரலுக்கு மாறியது. பிறகு அது எழும்பி, அந்தரத்தில் ஒரு கணம் அப்படியே நின்று, பூத்திருந்த கொத்தமல்லிப் பாத்திப் பக்கம் போய்விட்டது.

"நான் அப்பவே சொன்னேன், ஏதோ ஒண்ணு வருமுன்னு," என்றார் தங்கையிடம்.

"நீங்க சொன்னது தவளைங்கண்ணா."

"வந்துச்சா இல்லையா?"

குச்சிக்கிழங்கு போடுவதை நிறுத்திவிட்டார். நாற்றமும் போனது. ஆனால் ஒரு மூலையில் மட்டும் இலைகளை மக்க விட்டிருக்கிறார், அவற்றுக்காக. போன வாரம் முள்ளுக்குறிச்சியிலிருந்து பத்திரிகை வைக்க வந்த உறவினர் ஒருவர், "என்னங்க மாமா, குளத்துல புழுவா கெடக்குது" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"எந்தப் புழுவக் கேக்கறீங்க மாப்ள?" என்று வடிகட்டியைக் கையில் எடுத்தார் என் வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார். நான் உலையில் இன்னும் ஓர் ஆழாக்கு அரிசியைப் போட்டேன்.