அத்தையின் போசி மூடி

அத்தையின் எவர்சில்வர் தூக்குப்போசி எனக்கு நினைவிருக்கிறது. மதியச் சங்கு ஊதியதும் மில்லுக்கு வெளியே மர நிழலில் உட்கார்ந்து, அதன் மூடியைக் கழற்றித் தள்ளி வைப்பாள். உள்ளே வெள்ளைச் சோறு. நாலு பேர் பார்த்த பிறகுதான் குழம்பை ஊற்றுவாள். பள்ளி விடுமுறைகளில் அந்தப் போசியைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்தான்.

அத்தை என் அப்பாவின் அக்கா. காங்கேயம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கூலிக்குப் போய், கம்பும் சோளமும் தின்று வளர்ந்தவள். மில்கள் நிறைந்த கணபதிப் பகுதியில் குடியேறி நூல் மில்லில் சேர்ந்த பிறகு கம்பை வீட்டுக்குள் விடவில்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான். முதலில் தினமும் அரிசிச் சோறு தின்றவள் அவள். இரண்டுமே எங்களுக்குப் பெருமைதான்.

தொண்ணூறுகளின் நடுவில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. பாதம் மரத்துப்போய், விரலிடுக்கில் புண் ஆறாமல் கிடந்தது. மாத்திரையை விடாமல், அரிசிச் சோற்றுக்குப் பதிலாகக் கம்போ சோளமோ அளவாகச் சாப்பிடச் சொன்னார் டாக்டர். நார்ச்சத்து இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும் என்று நான் விளக்கினேன்.

“ஏன் அம்மணி, நீ காலேசு ஏறுனதுக்கு நான் கம்பஞ்சோத்துக்கு எறங்கோணுமா?”

“புண்ணு ஆறலீன்னா காலை எடுத்துருவாங்கத்தை.”

அந்தப் பயத்தில் சில நாள் கம்பஞ்சோறு கொண்டுபோனாள். உடன் வேலை செய்த ஒருத்தி எட்டிப் பார்த்து, “ஏனுங்கக்கா, ஊட்டுல அரிசி தீந்துபோச்சுங்களா? சொல்லியிருந்தா நாங் கொண்டாந்திருப்பனுங்களே” என்றாளாம். சுற்றியிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். மாலையில் அத்தை அதை அதே ராகத்தில் சொல்லிக் காட்டித் தானும் சிரித்தாள். மறுநாள் போசியில் அரிசிச் சோறு.

கம்பை அவள் அடியோடு விட்டுவிடவும் இல்லை. இரவில் வயிறு நிறையச் சோறு தின்றுவிட்டு, அதற்கு மேல் ஒரு டம்ளர் கம்பங்கூழ் குடிப்பாள். “மருந்துதான் குடிச்சுப்போட்டனே, அப்பறம் மாத்திரை எதுக்கு கண்ணு?” சோற்றுக்குப் பதிலாக என்று எத்தனை சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. கதவுக்குள் குடித்தால் அது மருந்து; மில்லில் தின்றால் அது ஏழ்மை.

மழைக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். வேலையும் போயிற்று.

இப்போது தினமும் நான்தான் கம்பஞ்சோறு ஆக்குகிறேன். மறுப்புச் சொல்லாமல் அதே போசியில் வாங்கிக்கொள்கிறாள். மாத்திரையும் தவறுவதில்லை. கதவோரம் உட்கார்ந்து, வெயிலில் மிச்சக் காலை நீட்டியபடி சாப்பிடுகிறாள். “ஏனுங்க, ஊட்டுல யாருங்க?” என்று வாசலில் குரல் கேட்டால் அவள் கை சேலையைத் தேடுவதில்லை. கால் அப்படியே தெரிகிறது.

போசியைத்தான் அவசரமாக மூடுகிறாள்.