உழாமல் விட்ட துண்டு

இந்த வெள்ளைக்காரச் சனம் இடிந்த சுவரைப் பார்க்கச் சாப்பாடு கட்டிக்கொண்டு போகும். ஞாயிற்றுக்கிழமை காலமை சான்ட்விச்சும் பிளாஸ்க்கும் காரில் ஏற்றி, கூரையில்லாத ஏதோவொரு கல்வீட்டுக்கு முன்னால் விரிப்பைப் போட்டு இருந்து, "என்ன வடிவு!" என்பார்கள். ஜெர்மனியில் இருந்த காலத்திலும் இதைத்தான் கண்டேன், லண்டனில் செவன் கிங்ஸுக்கு வந்த பிறகும் இதைத்தான் காண்கிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இடிந்த சுவர்தான் வேணுமென்றால் எங்கட ஊருக்குப் போங்கோவன், டிக்கெட்டும் தேவையில்லை என்று சொல்ல வாய் உன்னும்.

இந்த இரண்டாயிரத்து ஒன்பதில் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் எங்கும் போகிற மனமில்லை. என் மனைவி கலாவின் தம்பி தயா வன்னியில் இருந்தான். சண்டை முடிகிறதுக்குக் கொஞ்சம் முதல், யாரிடமோ போனைக் கெஞ்சி வாங்கி எங்கள் வீட்டுக்கு அழைப்பு எடுத்தான். "அக்கா, பங்கருக்குள்ள இருக்கிறம். தண்ணி ஊறுது. பிறகு எடுக்கிறன்." அந்தப் பதுங்குகுழியிலிருந்து வந்த குரல் அதோடு சரி. பிறகு முகாம் முகாமாக ஆள்விட்டுத் தேடினோம். இல்லை. ஆவணியில் யாழ்ப்பாணத்திலிருந்து அவளுடைய மூத்த தமையன் எடுத்து, "பிள்ளை, இனி அந்தியேட்டிக் கிரியையைச் செய்வம். அவன்ர ஆத்மா அலையக்கூடாது" என்றார். "பிறகு எடுக்கிறன் எண்டவன். எடுப்பான்" என்று கலா போனை வைத்துவிட்டாள். அன்றோடு அண்ணனும் தங்கையும் கதை இல்லை. உள்ளதைச் சொன்னால், நான் அண்ணன் பக்கந்தான். அவளுக்கு முன்னால் சொல்லத்தான் துணிவு வரவில்லை.

பக்கத்து வீட்டு பிரென்டன் அயர்லாந்துக்காரர், கட்டட வேலை செய்து ஓய்ந்தவர். கலா மெலிந்துகொண்டு போவதைப் பார்த்து, "என்ர தம்பியின்ர பண்ணைக்கு வாங்கோ, நாலு நாள் நிண்டிட்டு வருவம்" என்று ஒரே ஆக்கினை. வீட்டுப் போனுக்கு வரும் அழைப்பெல்லாம் கைப்போனுக்கு வருகிற மாதிரிச் செய்த பிறகுதான் அவள் காரில் ஏறினாள்.

அயர்லாந்தில் கப்பலால் இறங்கி, மழைக்குள்ளால் ஓடிப் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் பிரென்டனின் தம்பி வயலைக் காட்டக் கூட்டிப்போனார். உழுத மண்ணுக்கு நடுவில் சதுரமாக ஒரு மேட்டுத் துண்டு, அதைச் சுற்றி அகழி, அகழிக்குள் கறுத்த தண்ணீர். அதற்கு அங்காலே பாதி விழுந்த கோட்டை, சுவரெல்லாம் கொடி, உச்சியில் காகம். நான் வழக்கம்போல் முகத்தைச் சுழித்தேன். கலா அகழிக் கரையில் அப்படியே நின்றுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ள இருந்த சனம் எங்க?"

"இது பங்கர் இல்லை, கலா. எத்தினையோ நூறு வருசத்துக்கு முந்தின அகழி. வாரும்."

அவளுக்குக் காது கேட்டால்தானே! நேரே அந்த மனிசனிடம் போய், செத்தவீட்டில் செய்கிற மாதிரி அவருடைய கையை இரண்டு கையாலும் பிடித்து, தனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டாள்: "உங்கட ஆக்கள் ஒருத்தரும் மிஞ்சேல்லையோ?" ஐயோ, எனக்கு மானம் போச்சு. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"நன்றி" என்றார். பிறகு அகழியைக் காட்டி, "அவை எங்கட ஆக்கள் இல்லை. கடல் கடந்து வந்து எங்கட காணியைப் பிடிச்ச ஆக்கள். எங்களுக்குப் பயந்துதான் இதை வெட்டினவை" என்றார்.

"பிறகேன் உழாமல் விட்டிருக்கிறியள்?" என்று கேட்டது நான்தான்.

இதென்ன கேள்வி என்கிற மாதிரி என்னைப் பார்த்தார். "ஆக்கள் இருந்த இடமெல்லோ? அப்பாவும் சுத்தித்தான் உழுதவர்."

காணியைப் பிடித்தவனுக்கே இவ்வளவு மரியாதை. எங்கள் ஊரில் நான் பிறந்த வீடு நின்ற இடத்தை இப்போது காட்டச் சொன்னால் எனக்கே தெரியாது, அத்திவாரம்கூட மிச்சமில்லை. தயா கடைசியாக இருந்த கிடங்கை யார் மூடினார்கள், அதற்கு மேலால் எது ஓடியது? நான் அந்த வயலில் நின்று வாய்விட்டு அழுதேன். கலா அழவில்லை. மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

லண்டனுக்குத் திரும்பிய கிழமை, பின்வளவில் புல்லு வெட்டிக்கொண்டிருந்தேன். கலா வந்து மெஷினை நிற்பாட்டச் சொன்னாள்.

"அந்த மூலையை வெட்டாதேங்கோ."

"ஏனப்பா?"

"அண்ணைக்கு எடுத்துக் கதைச்சனான். அவர் அங்க செய்யிறதைச் செய்யட்டும். இது இஞ்ச கிடக்கட்டும்."

போன மாதம் கீரிமலைக் கடற்கரையில் அந்தியேட்டி முறைப்படி நடந்தது. அண்ணை படம் அனுப்பியிருந்தார். தயாவின் படத்துக்கு மாலை போட்டாயிற்று. இங்கே நான் சுற்றித்தான் வெட்டுகிறேன். ஒரு பாயளவு இடத்தில் புல்லு முழங்காலைத் தொடுகிறது. போன் அடித்தால், எடுக்க முதல் கலா அந்த மூலையைத்தான் பார்க்கிறாள்.