ஆம்ப்பில் காது வைத்தவர்

அன்னவாசல் திருவிழாக் கச்சேரியில் கிடார் வாசித்தவர் அவர். ஒடிசலான உடம்பு, இஸ்திரி கலையாத கறுப்புச் சட்டை. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் குனிந்து, கிடார் சத்தத்தைப் பெருக்கித் தரும் தன் டிஜிட்டல் ஆம்ப்பில் காதை வைத்துக் குமிழைத் திருகுவார்.

இடைவேளையில் டீ குடிக்கும்போது, கூட்டத்திலிருந்து வந்து பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்: "பழைய ஆம்ப் இரையுதுன்னுதான் தேடித் தேடி இதை வாங்குனேன். பெரிய பெரிய ஆம்ப் சத்தமெல்லாம் இதுக்குள்ள இருக்கு. ஆனா இதுவும் இரையுது. கீழ ஒங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"சுத்தமா கேக்கலைங்க," என்றேன், ஆறுதலாக.

மைக்செட்காரரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப என் லைனையே அவன் ஸ்பீக்கர்ல ஏத்தலை. கிடாரும் கேட்டிருக்காது."

கிடார் கேட்டதென்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால் எங்களுக்குக் கேட்ட கிடாரெல்லாம் கீபோர்டிலிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியாதா என்ன?

கிளாஸை வைத்துவிட்டு மேடையேறினார். மறுபடியும் குனிந்து, ஆம்ப்பில் காதை வைத்துக் குமிழைத் திருகினார். யாருக்காகத் திருகினார் என்பதுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.