மானுக்குப் பின்னால்

அறுபதுகளில் அந்தமானின் பெரார்கஞ்ச் வயல்களை மான்கள் விட்டுவைக்கவில்லை. கணவன் கப்பல் வேலைக்குப் போனபின் துப்பாக்கி செலின் கைக்கு வந்தது. மகள் ரெஜினாவுக்கும் அவளே பழக்கினாள். ஒரு மழைக்காலம் முழுக்கத் தோட்டாவே தரவில்லை. குறி பார்த்ததும், "மானுக்குப் பின்னால என்னடி இருக்கு?" என்பாள். பதில் வராவிட்டால் மண்டையில் குட்டு விழும்.

முதல் தோட்டா போட்ட அன்று, கறிக்கு மசாலா அரைத்து வைத்துவிட்டுத்தான் இருவரும் வயலுக்கு இறங்கினார்கள். கொம்புமான் ஒன்று வாகாக நின்றது. இந்த முறை செலின் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. ரெஜினாவே தன்னைக் கேட்டுக்கொண்டாள். பின்னால் மூங்கில் புதர். அதற்கப்பால் ஆள் இருந்தால்? விரலை எடுத்தாள். மான் ஓடிவிட்டது.

வீட்டில் செலின் அந்த மசாலாவில் கருவாட்டைக் கொதிக்கவிட்டாள். பெரிய துண்டுகளெல்லாம் மகள் தட்டில் விழுந்தன.

பிறகு ரெஜினா எத்தனையோ மான் சுட்டாள். நாக்கில் இன்றும் நிற்பது அந்தக் கருவாடுதான்.