புயல் காலத்துப் பிரசவம்

அவனியாபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் நானும் மனைவியும் தல்லாகுளத்துக்கு விமான டிக்கெட் போடப் போகிறோம். ஹாங்காங்கில் இருக்கும் மகளுக்குச் செப்டம்பரில் பிரசவம். அங்கே அது புயல் காலம். அதனால் அக்டோபர் கடைசியில் கிளம்பலாம் என்கிறேன். மனைவி முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள்.

எதிரே தக்காளிக் கூடையை மடியில் வைத்திருக்கும் அம்மாள் கேட்டுவிடுகிறார்.

"ஏண்ணே, பொயலு ஓயட்டும்னு பேரப்புள்ள உள்ளயே உக்காந்திருக்குமா?"

எல்லோரும் சிரிக்கிறார்கள்.

"பிளேன் ஆடுமேம்மா."

"இந்த ஆட்டோ இம்புட்டு ஆடுது, உக்காந்துதான வாரீக?"

தல்லாகுளத்தில் டிக்கெட் ஏஜெண்ட் தேதி கேட்கிறார்.

"செப்டம்பர் மொத வாரம்" என்கிறாள் மனைவி, என்னைப் பார்க்காமலே.

"ஒரு டிக்கெட்டா, ரெண்டா?"

இப்போது இருவரும் என்னைப் பார்க்கிறார்கள். வெளியே பொட்டு மேகமில்லாமல் வெயில் கொளுத்துகிறது.

"ரெண்டு" என்கிறேன்.