பொட்டிக்குள்ள கன்னியம்மா

எங்க தொழில்ல சத்தம் வரலைன்னா ஒரு ஏச்சு, வந்துட்டா பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ரெண்டு ஏச்சு. செங்கல்பட்டுல கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் மைக்செட் கட்டிக்கிட்டிருந்தவன் நான். இப்ப வீடு வீடாப் போய் ரெக்கார்டிங் பொட்டிக்கு ஒயர் சொருகறேன். உள்ளங்கை அகலப் பொட்டிதான். ஒரு பக்கம் மைக்கு, மறுபக்கம் கம்ப்யூட்டர். அதை வாங்கி வெச்சுட்டு முழிக்கிறவங்களுக்கு இதைப் படிச்சா, நாம தனி ஆள் இல்லைன்னு கொஞ்சம் ஆறுதலா இருக்கும்.

செவப்பு விளக்கு

நாவலூர்ல ஒரு ஐ.டி. தம்பி. புது மைக்கு, புதுப் பொட்டி, சத்தம் மட்டும் இல்லை. மூணு நாளா கம்ப்யூட்டர்ல எதை எதையோ மாத்திப் பார்த்துட்டாரு. அந்த மாதிரி மைக்குக்குப் பொட்டியிலேர்ந்து கரண்ட் போகணும். அதுக்குன்னு 48ன்னு போட்ட பொத்தான் முன்னாடியே இருக்கு. அமுக்கினேன். செவப்பு விளக்கு எரிஞ்சுது, ஃபேன் ஓடற சத்தம்கூட ஹெட்போன்ல கேட்டுது. காபி கொண்டாந்த அவரு சம்சாரம் சொன்னாங்க: “மூணு நாளா அதுகிட்ட ஹலோ ஹலோன்னாரு. எங்கிட்ட ஒரு ஹலோ சொல்லியிருந்தா, அந்தப் பொத்தானை அமுக்கிப் பாருங்கன்னு நானே சொல்லியிருப்பேன்.”

எதிர்க்கடைக்காரி

அந்தத் தம்பி சம்சாரம்தான் கன்னியம்மாவை எங்கிட்ட அனுப்பி வெச்சாங்க. கன்னியம்மா கொக்கிலமேட்டுக்காரங்க, லோடு ஆட்டோவுல மீன் கொண்டாந்து, அந்தத் தம்பி இருக்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு வாசல்ல கூவி விக்கறவங்க. கூவிக் கூவித் தொண்டை புண்ணாயி, திங்கக்கிழமையிலேர்ந்து ஒரு மாசம் வாயே தெறக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூவலைன்னா மாடியிலேர்ந்து யாரும் இறங்க மாட்டாங்க, மீன் அப்படியே ஊர் திரும்பிடும். மிச்சமிருக்கிற குரலைப் பதிஞ்சு குடுன்னு ஞாயித்துக்கிழமை காலையில வந்து உக்காந்துட்டாங்க.

மைக்கைச் சொருகி, ஹெட்போனை மாட்டிவிட்டேன். “வஞ்சிரம் கீது, சங்கரா கீது”ன்னு ஆரம்பிச்சவங்க, கண்ணை உருட்டிக்கிட்டு இன்னும் ஓங்கிக் கூவினாங்க. அப்புறம் அதைவிட ஓங்கி. நிறுத்துங்கன்னு நான் கையை ஆட்டறேன், கண்டுக்கல. தப்பு என்னுது. குரல் கம்ப்யூட்டருக்குள்ள போய்ச் சுத்திட்டு, கொஞ்சம் பிந்தி அவங்க காதுக்கு வந்திருக்கு. பொட்டியிலேர்ந்தே நேரா கேக்கற பொத்தானை நான் போடலை. ஹெட்போனைக் கழட்டினதும் கன்னியம்மா கேட்டாங்க: “எவ அவ, நான் சொல்றதையே எனக்குப் பின்னாடி சொல்லிக்கினு என் கிராக்கியைக் கூப்புடறவ?”

பேரம்

பொத்தானைப் போட்டாச்சு. ஆனா பாதிக் குரல் போயிடுச்சு. மீதியில, ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி மீன் பேரைச் சொல்றாங்க. யாரும் வாங்க மாட்டாங்க. “எதிர்ல ஆளே இல்லாம இன்னான்னு கூவறது? வாங்கறவன் மாதிரி நீ கேளு அண்ணாத்த”ன்னாங்க.

அவங்க கையோட கொண்டாந்திருந்த மீன் கூடையை நடுவுல வெச்சுக்கிட்டு, இது ஐஸ்ல கிடந்த மீனான்னு கேட்டேன். அவ்ளோதான், குரல் எங்கேர்ந்து வந்துதோ தெரியல. சத்தம் அளவு மீறி, பொட்டியில பச்சை விளக்கு செவப்புக்குத் தாவுது. ஒரு கையால குமிழைக் குறைச்சுக்கிட்டே, பாதி விலைக்குத் தருவியான்னு கேட்டேன். அதுக்கு வந்த பதிலோட அவங்க தொண்டை அடைச்சுக்கிச்சு: “பாதி வெலைக்கு வோணும்னா போய்க் கடல்ல எறங்கி நீயே புடிச்சுக்கோ.”

வாய் மூடின மாசம்

திட்டை மட்டும் வெட்டி எடுக்கலாம்னா, கூவலும் திட்டும் பின்னிக் கிடக்கு. மறுபடி பதியக் குரலும் இல்லை. அப்படியே ஏத்திக் குடுத்துட்டேன். திங்கக்கிழமை பயந்துக்கிட்டே நாவலூர் போய்ப் பார்த்தா, ஆட்டோ ஸ்பீக்கர்ல கன்னியம்மா என்னைத் திட்டறாங்க, நேர்ல வாயை மூடிக்கிட்டு மீன் வெட்டறாங்க. மாடி மாடியா ஜனம் சிரிச்சுக்கிட்டே இறங்குது. குறைச்சுக் கேக்க ஒருத்தருக்கும் தைரியம் இல்லை. மாசம் முடிஞ்சு டாக்டர் பேசலாம்னதும், என்னைத் தேடி வந்து சொன்னாங்க: “பொட்டில கீறவ என்னைவிட நல்லா விக்கறா அண்ணாத்த. வியாபாரத்த அவ பாத்துக்கட்டும், உன்னைத் திட்டறத மட்டும் நான் வெச்சுக்கறேன்.”

ஒயரை எந்த ஓட்டையில சொருகணும்னு கத்துக்க எனக்கு ரெண்டு நாள்தான் ஆச்சு, சொருகினப்புறம் எதிர்ல உக்காந்து திட்டு வாங்கணும்னு கத்துக்கத்தான் இத்தனை வயசு ஆயிடுச்சு.